தீவில் மாண்டவர்களின் பெயர்களைத் திறந்து வையுங்கள்

1858 மார்ச் 10 அன்று டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளுடன் அந்தமானில் கரையிறங்கினார். 1857 கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை நாடு கடத்தி வைக்க ஆங்கிலேயருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. அடுத்தடுத்துக் கப்பல்கள் வந்தன. அந்த ஜூன் மாத நடுவில் குடியேற்றத்தின் நிலவரத்தைக் கணக்காக எழுதினார்கள். அதுவரை வந்து சேர்ந்த கைதிகள் 773. மருத்துவமனையில் இறந்தவர்கள் 64. தப்பியோடித் திரும்பப் பிடிபடாதவர்கள் 140; பசியாலோ பழங்குடியினர் கையாலோ இறந்திருப்பார்கள் என்பது அனுமானம். தற்கொலை 1. தப்ப முயன்றதற்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள் 87. மிச்சம் 481.

கூட்டிக் கழித்தால் கணக்கு இம்மியும் பிசகவில்லை. மூன்று மாதத்தில் 292 பேர் போய்விட்டார்கள். அந்தமானைப் பற்றிய வரலாற்று நூல்கள் இந்த எண்களைத் தவறாமல் எடுத்தாள்கின்றன. ஆனால் அந்த 292 பேரில் ஒருவரைத் தேடிக்கொண்டு அவருடைய ஊரிலிருந்து ஒரு கொள்ளுப்பேத்தி இன்று புறப்பட்டால், எந்த அலுவலகத்தின் எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று அவருக்கு வழிகாட்ட ஆளில்லை.

அரசுக்குப் பெயர் தெரியாமல் போய்விடவில்லை. நாடு கடத்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்தார்கள். கழுத்தில் ஒரு மரவில்லையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். எண், எந்தச் சட்டப்பிரிவில் தண்டனை, தண்டனை பெற்ற தேதி, விடுதலையாகவேண்டிய தேதி ஆகியவை அந்த வில்லையில் இருந்தன. வில்லையைப் பார்த்தாலே ஆள் யார், எத்தனை வருஷம் பாக்கி என்பது காவலனுக்குத் தெரிந்துவிடும். உயிரோடு இருக்கும்வரை ஒரு மனிதரை இவ்வளவு நுணுக்கமாகக் குறித்துவைத்த அரசு, அவர் இறந்த செய்தியை அவருடைய வீட்டார் தேடிப் பார்த்துக்கொள்ள ஒரு பெயர்ப்பட்டியலைக்கூடத் திறந்து வைக்கவில்லை. ஆங்கிலேயர் போய் முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. பிறகு வந்த நம் அரசுகளும் வைக்கவில்லை.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இறந்த ஒருவரின் பதிவை யார் வேண்டுமானாலும் காசில்லாமல், கடல் தாண்டாமல், தரகரிடம் போகாமல் தேடிப் பார்க்க வகை செய்யவேண்டும். இதைத்தான் சொல்ல வந்தேன். எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் கோரிக்கைதான். ஆனால் அந்தமானில் இது அரசு பட்ட கடன். அங்கே மண்ணோடு போனவர்களில் எத்தனையோ பேர் தாமாகக் கடல் கடந்தவர்கள் அல்லர். கைதிகளை ஏற்றிப்போனது அரசின் கப்பல். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்து அகதிகளைக் கொண்டுபோய்க் காட்டைத் திருத்தச் சொன்னது அரசு. 1964-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களில் சிலவற்றைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்ததும் அரசுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மொத்த மக்கள் சுமார் 3.8 லட்சம், அவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். அவர்களில் பலருக்குத் தமிழகத்தில் ஒரு சொந்த ஊர் இருக்கிறது, அந்த ஊரில் அவர்களை விசாரிக்கும் உறவு இருக்கிறது.

இறந்த தேதி நம் வீடுகளில் சும்மா ஒரு தகவலாகக் கிடப்பதில்லை. திதி தெரிந்தால்தான் வருஷா வருஷம் திவசம் நடக்கும். திதி தெரியாதவர்களுக்கென்று மகாளய அமாவாசையை ஒதுக்கி வைத்தார்கள் நம் பெரியவர்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் இறந்தவர்களின் பெயரைச் சொல்லிப் பூசை வைக்கிறார்கள். முஸ்லிம் வீடுகளில் ஆண்டு பாத்திஹா ஓதுகிறார்கள். இதற்கு அப்பால் சொத்து இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், வங்கிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி, விதவை உதவித்தொகை எதற்குப் போனாலும் முதலில் கேட்பது இறப்புச் சான்றிதழ். அது இல்லாத வீட்டில் இறந்தவர் காகிதத்தில் உயிரோடு இருந்துகொண்டே மனைவி பிள்ளைகளின் வழியை மறிக்கிறார்.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் பல இடங்களில் நாம் நினைப்பதைவிடத் தாராளமானது. இறப்பைத் தெரிவித்தவருக்குப் பதிவாளர் முதல் சான்றிதழை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி அதை ஏழு நாளுக்குள் கொடுக்கவேண்டும். சாவுக்கான காரணத்தை எழுதித் தரும் மருத்துவர் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது 17-ஆவது பிரிவு. பதிவேட்டில் ஒரு பதிவைத் தேடிப் பார்க்கச் சொல்லி ‘எவரும்’ பதிவாளரைக் கேட்கலாம், நகலும் பெறலாம் என்கிறது அது. மகன் என்றோ மனைவி என்றோ உறவை நிரூபிக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு: நகலில் சாவுக்கான காரணத்தைக் காட்டக் கூடாது. இறந்தவரின் மானத்தைக் காக்க அது போதுமான வேலி.

தேடுவதற்கான கட்டணமும் பெரிதில்லை. 1999-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி விதிகளில், ஓராண்டுப் பதிவைத் தேட 2 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 ரூபாய், நகலுக்கு 5 ரூபாய் என்று இருந்தது. செலவு வேறெங்கோ இருக்கிறது. கமோர்ட்டாவிலோ கேம்ப்பெல் பேயிலோ ஒரு சாவு பதிவாகியிருந்தால், சிவகங்கைப் பக்கத்திலிருந்து போகிறவர் சென்னைக்கு வந்து, கப்பலோ விமானமோ பிடித்துப் போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) போய், அங்கிருந்து மறுபடி தெற்கே கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து கப்பலில் மட்டும் மூன்று நாள். நிக்கோபார் தீவுகள் பழங்குடியினர் பாதுகாப்புப் பகுதி என்பதால் வெளியார் அங்கே போக அனுமதிச் சீட்டும் வேண்டும். 2 ரூபாய்த் தேடலுக்கு இத்தனை அலைச்சல். அலைய முடியாதவர் தரகரிடம் போகிறார். தரகர் சொல்வதுதான் விலை.

‘படிவம் 6’ என்று தலைப்பிட்ட இறப்புச் சான்றிதழை ஒரு தரம் உற்றுப் பாருங்கள். பெயர், பாலினம், இறந்த தேதி, இறந்த இடம், தாய் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர் என்று வரிசையாக வரும். அதன் கீழே இரண்டு முகவரிகள்: இறந்தபோது வசித்த முகவரி, நிரந்தர முகவரி. அந்தமான் தமிழர்களின் கதை முழுவதும் இந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவே கிடக்கிறது. முதல் கட்டத்தில் ஜங்க்ளிகாட் என்றோ ரங்கத் என்றோ இருக்கும். இரண்டாவதில் பரமக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் இருக்கும். ஆனால் பதிவு அந்தக் கிராமத்துக்குப் போகாது. பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும், சொந்த ஊரில் ஆகாது என்பதுதான் நாடு முழுவதற்குமான விதி. இது தெரியாமல் ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்தில் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு.

இதன் மறுபக்கமும் உண்டு. தீவில் முடியாத நோயாளியை மேல்சிகிச்சைக்குச் சென்னைக்கு அனுப்புவது வழக்கம். சிகிச்சை பலிக்காமல் இங்கே இறந்தால் பதிவு சென்னை மாநகராட்சியில் இருக்கும். தீவில் தேடிப் பயனில்லை. சென்னையைப் பொறுத்தவரை நல்ல செய்தி ஒன்று சொல்லவேண்டும். மாநகராட்சியின் இணையதளத்திலேயே பிறப்பு, இறப்புப் பதிவைத் தேடி, சான்றிதழைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பல ஆண்டுகளாக இந்த வசதி இருக்கிறது. இதனால் மாநகராட்சி நொடித்துப் போய்விடவில்லை, யாருடைய மானமும் போய்விடவில்லை. சென்னையில் முடிவது தீவில் ஏன் முடியாது?

முடிவதற்கு ஒரு விஷயத்தை முதலில் சரிசெய்தாக வேண்டும். தீவின் பதிவேடுகளில் தமிழ்ப் பெயர்களை எழுதுகிற கை பெரும்பாலும் தமிழ் அறியாத கை. முருகேசன் ஓரிடத்தில் முர்கேஷ் ஆகிவிடுவார். அப்பா பெயரின் முதலெழுத்து பெயருக்கு முன்னாலும் வரும், பின்னாலும் வரும். சில இடங்களில் குடும்பப் பெயராகவே உட்கார்ந்துவிடும். எழுத்துக்கு எழுத்துப் பொருந்தினால்தான் விடை தருவேன் என்கிற தேடுபொறி நமக்கு உதவாது. ஒலியை வைத்துத் தேடவும், தந்தை பெயரையும் ஊரையும் வைத்துத் தேடவும் வசதி வேண்டும். இந்தியாவில் மென்பொருள் எழுத ஆளுக்கா பஞ்சம்?

2004 டிசம்பர் 26-க்கு வருவோம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ராவுக்கு அருகே ஆறரை மணி வாக்கில் பூமி அதிர்ந்தது. நிக்கோபார் தீவுகளுக்கு அலை வந்துசேர அதிக நேரம் பிடிக்கவில்லை. கார் நிக்கோபார், கச்சால், நன்கவுரி, கிரேட் நிக்கோபார் என்று கரையோரக் கிராமங்களை அது துடைத்துவிட்டது. டிரிங்கட் தீவு துண்டானது. நாகப்பட்டினத்திலும் அன்று ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஆனால் அங்கே கடல் உடல்களைக் கரையில் போட்டது. புகைப்படம் எடுத்தார்கள், அடையாளம் காட்டினார்கள், முடியாதவர்களைக் குழியில் சேர்த்து அடக்கம் செய்தார்கள். நிக்கோபாரில் கிடைத்த உடல்கள் கொஞ்சம், காணாமல் போனவர்கள் பல மடங்கு. அதிகம் இழந்த தீவுகளில் ஒன்று கச்சால், மலையகத்திலிருந்து வந்த நம்மவர்களைக் கொண்டுபோய் வைத்த அதே கச்சால்.

ஓர் இறப்பைப் பதிவு செய்ய அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வீட்டுத் தலைவர் சொல்லவேண்டும். அவர் இல்லையென்றால் வீட்டிலிருக்கும் நெருங்கிய உறவினர். அதுவும் இல்லையென்றால் வீட்டிலிருக்கும் மூத்தவர் என்று சட்டம் வரிசை போட்டு வைத்திருக்கிறது. வீடே போய்விட்டால் யார் சொல்வது? கார் நிக்கோபாரில் ‘துகெத்’ என்ற பெருங்குடும்ப அமைப்பு உண்டு. நிலம், தென்னை, பன்றி எல்லாம் துகெத்துக்குச் சொந்தம். அங்கே நாலு பேர் தப்பினால் நாற்பது பேரின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்கும் பெயர்ப்பட்டியல் இருந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாமல் ஒப்பந்தக்காரர் கூட்டிவந்த கூலித் தொழிலாளி போனால், அவர் அங்கே இருந்தார் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டும். ஊரிலிருக்கும் மனைவிக்கு அது எப்படி முடியும்?

நம் சாட்சியச் சட்டப்படி, ஏழாண்டுகள் தகவலே இல்லாத ஒருவரைத்தான் இறந்ததாகக் கொள்ள முடியும். சுனாமிக்குப் பிறகு மத்திய அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தியது. அதிகாரி விசாரிப்பார், காணாமல் போனவர்களின் பெயர்ப்பட்டியல் வெளியிடப்படும், ஆட்சேபம் சொல்ல அவகாசம் உண்டு, பிறகு சான்றிதழ். இரக்கமுள்ள நல்ல ஏற்பாடு அது. 2013-இல் உத்தராகண்ட் வெள்ளத்தில் காணாமல் போனவர்களுக்கும், 2021-இல் சமோலியில் காணாமல் போனவர்களுக்கும் இதே வழியில்தான் சான்றிதழ் கொடுத்தார்கள். தீவுகள் பட்ட பாட்டிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரு நடைமுறை பிறந்தது என்று சொன்னால் தவறாகாது.

அந்த நடைமுறையின் உயிரே பட்டியலை ஊரறிய வெளியிடுவதுதான். அன்றைக்கு அரசே பகிரங்கப்படுத்திய பெயர்கள் இன்று இருபது ஆண்டு கழித்து ஒரே இடத்தில், ஒரு பெயரைத் தட்டினால் பார்க்கும்படி ஏன் இருக்கக் கூடாது? நினைவுத்தூண் எழுப்புகிறோம், ஆண்டுதோறும் மலர் தூவுகிறோம். பெயர்களைத் தேடும்படி வைப்பதற்கு அந்தச் செலவில் ஒரு சிறு பங்கு போதும்.

ஜப்பானியர் ஆண்ட காலம் இதைவிடச் சிக்கலானது. 1942 மார்ச் 23 முதல் 1945 அக்டோபர் வரை தீவுகள் அவர்கள் கையில் இருந்தன. உளவாளி என்று சந்தேகப்பட்டு எத்தனையோ பேரைக் கொன்றார்கள். டாக்டர் திவான் சிங் காலேபாணி 1944 ஜனவரி 14 அன்று சித்திரவதையில் மாண்டார். அதே மாதம் 30-ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். 1945 ஆகஸ்டில் நூற்றுக்கணக்கானவர்களை ஹேவ்லாக் தீவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி நடுக்கடலில் தள்ளினார்கள். வெளியேறும் முன் தங்கள் ஆட்சிக் காலத்து ஆவணங்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டார்கள். இருந்தும் ஒரு தடம் மிஞ்சியது. போருக்குப் பிறகு 1946-இல் சிங்கப்பூரில் நடந்த போர்க்குற்ற விசாரணைகளில் கார் நிக்கோபார் கொலைகளும் விசாரிக்கப்பட்டன. அந்த வழக்குகளின் விவரங்களைச் சிங்கப்பூரில் ஓர் இணையதளமாகத் தொகுத்து, யாரும் காசில்லாமல் படிக்க வைத்திருக்கிறார்கள். நம் தீவில் கொல்லப்பட்ட நம் மக்களைப் பற்றிப் படிக்கச் சிங்கப்பூரின் தயவு வேண்டியிருக்கிறது.

செல்லுலார் சிறையின் அரசியல் கைதிகளைப் பொறுத்தவரை நாடு ஓரளவு கடமையைச் செய்திருக்கிறது. 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் சிறையைத் தேசிய நினைவிடமாக அர்ப்பணித்தார். பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1933 மே மாத உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா மூவரும் இறந்தார்கள். வலுக்கட்டாயமாகக் குழாய் வழியே பால் புகட்டியதில் அது நுரையீரலுக்குப் போய் உயிர் போயிற்று என்று உடனிருந்த கைதிகள் சொன்னார்கள். இருவர் நிமோனியாவில் இறந்ததாக அரசு சொன்னது. உடல்களைக் கடலில் எறிந்துவிட்டார்கள். சாவுக்கான காரணம் என்ற கட்டத்தில் அதிகாரம் எதை வேண்டுமானாலும் எழுதும். அதனால்தான் பதிவேடு மற்றவர் பார்வைக்கு வரவேண்டும் என்கிறேன். பெயரும் தேதியும் வெளியே தெரிந்தால்தான் இன்னொருவர் எழுந்து ‘அது அப்படி நடக்கவில்லை’ என்று சொல்ல முடியும்.

சிறை எழும்புவதற்கு முன்னும் பின்னும் அந்தத் தீவுகளில் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் செத்த சாதாரணக் கைதிகளுக்குக் கல் இல்லை. சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. கொலையோ கொள்ளையோ செய்தவர்கள்தானே என்று ஒதுக்குவது எளிது. அவர்களுக்கு விதித்த தண்டனையில், செத்த சேதியை வீட்டுக்கு மறைக்கவேண்டும் என்ற ஷரத்து எதுவும் இல்லை. தண்டனையே பெறாத அந்தமானிய ஆதிகுடிகளின் நிலை இன்னும் மோசம். கிரேட் அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர், 1931-இல் 90, 1961-இல் 19. இடையில் போனவர்கள் எல்லாம் இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள வித்தியாசமாக மட்டும் பதிவாகியிருக்கிறார்கள்.

இன்றைக்கு ஒருவர் காசில்லாமல் தேடத் தொடங்கினால் என்ன கிடைக்கும்? தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் உள்துறையின் போர்ட் பிளேர் பிரிவுக் கோப்புகளைத் தேடலாம். பணம் கேட்பதில்லை. ஆனால் அங்கே தேடுவது கோப்பின் தலைப்பை. தலைப்பில் பெயர் வந்தால் அதிர்ஷ்டம். உள்ளே இருக்கும் பட்டியலில் வந்தால் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைத் தவிர வழியில்லை. ஆங்கிலேயருக்கு இந்தத் துன்பம் இல்லை. போர்ட் பிளேரில் பாதிரியார் நடத்திய அடக்கங்களின் நகல்கள் அன்றே லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆங்கில இந்தியக் குடும்பங்களின் வரலாற்றுக்கென்று ஒரு சங்கம் வைத்துத் தன்னார்வலர்கள் பெயர்களைப் பட்டியலிட்டு இலவசமாகத் தேட விட்டிருக்கிறார்கள். ஃபேமிலி சர்ச் தளத்தில் இந்தியாவில் 1719 முதல் 1948 வரை நடந்த கிறித்தவ இறப்புகள், அடக்கங்களின் ஒரு தொகுப்பு காசில்லாமல் கிடைக்கிறது. கிறித்தவத் தமிழ்க் குடும்பங்களும் அதில் தேடிப் பார்க்கலாம். ராஸ் தீவில் காய்ச்சலில் இறந்த ஒரு வெள்ளைச் சிப்பாயின் பேரனுக்குத் திறந்திருக்கும் கதவு, அதே தீவில் அவர்களுக்குத் தேவாலயம் கட்டக் கல் சுமந்த கைதியின் பேரனுக்குச் சாத்தியிருக்கிறது.

இதே சாம்ராஜ்யம் டாஸ்மேனியாவுக்கும் கைதிகளை அனுப்பியது; எழுபதாயிரத்துக்கும் மேல். அவர்களுடைய பதிவேடுகளை ஆஸ்திரேலியா பொத்திப் பொத்தி வைத்துக் காப்பாற்றியது. 2007-இல் ஆஸ்திரேலியக் கைதிப் பதிவேடுகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் ஏறின. டாஸ்மேனிய அரசு நூலகத்தின் பெயர் அட்டவணையில் ஒரு பெயரைத் தட்டினால் வந்த கப்பல், செய்த குற்றம், பிறகு நடந்தது எல்லாம் மூலப்பக்கத்தின் படத்தோடு வருகிறது. உலகின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் காசில்லை. ஒரு காலத்தில் கைதி முன்னோரை மறைத்த சமூகம் இன்று அவர்களைத் தேடிப் பெருமைப்படுகிறது. அயர்லாந்து இன்னும் ஒரு படி மேல். ஐம்பது ஆண்டு கடந்த இறப்புப் பதிவுகளின் படங்களையே அரசு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஐம்பது ஆண்டு என்ற அந்த வரம்பு எனக்கு நியாயமாகப் படுகிறது.

வெள்ளையர் கதை வேண்டாம் என்பவர்கள் தென்னாப்பிரிக்காவின் நெட்டாலைப் பாருங்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் அங்கே இறங்கினார்கள். 1911 வரை போன கப்பல்களின் ஆட்பட்டியல்கள் இன்று தென்னாப்பிரிக்காவில் இலவசமாகக் கிடைக்கின்றன. தகப்பன் பெயர், தாலுகா, கிராமம் வரை இருக்கிறது. டர்பனில் பிறந்த தமிழர் ஒருவர் அதை வைத்துக்கொண்டு வட ஆற்காட்டுக் கிராமத்துக்கு வந்து உறவைத் தேடுகிறார். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் முடிகிறது. வங்காள விரிகுடாவுக்குள்ளேயே முடியவில்லை.

திறந்து வைத்தால் திருட்டு நடக்கும், இறந்தவர் பெயரில் மோசடி செய்வார்கள் என்று ஒரு வாதம் வரும். உத்தரப் பிரதேசத்து லால் பிகாரியின் கதை அதற்குப் பதில். ஆசம்கட் மாவட்டத்தில் சொத்துக்காக உறவினர்கள் அவரை வருவாய்ப் பதிவேட்டில் செத்தவராக எழுத வைத்தார்கள். உயிரோடு இருப்பதை நிரூபிக்க அவர் 1994 வரை போராடினார். தம்மைப் போன்றவர்களுக்காக ‘மிருதக் சங்கம்’ என்று இறந்தவர்களின் சங்கத்தையே தொடங்கினார். மூடிக் கிடந்த பதிவேட்டில்தான் அந்த மோசடி நடந்தது. ஊரார் பார்க்கும் பட்டியலில் உயிரோடு இருப்பவரைச் செத்தவராக எழுதினால் மறுநாளே கேள்வி வரும்.

2023 திருத்தம் நாடு தழுவிய பிறப்பு, இறப்புத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கச் சொல்கிறது. வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, ஆதார், கடவுச்சீட்டு, சொத்துப் பதிவு போன்றவற்றைக் கையாளும் துறைகளோடு அதைப் பகிரலாம். ஒருவர் இறந்தார் என்பதை ரேஷன் அட்டையில் பெயர் நீக்க அரசு ஒரு நொடியில் தெரிந்துகொள்ளும். அதே செய்தியை அவருடைய மகள் தெரிந்துகொள்ள மட்டும் கவுண்டரில் கால்கடுக்க நிற்க வேண்டுமா?

தீவு நிர்வாகம் செய்யவேண்டியது மலையைப் புரட்டும் வேலை இல்லை. சட்டம் ஏற்கெனவே ‘எவரும்’ தேடலாம் என்கிறது. அந்தத் தேடலைக் கட்டணமில்லாமல் இணையத்துக்குக் கொண்டுவரட்டும். ஐம்பது ஆண்டு கடந்த இறப்புகளின் பதிவுப் பக்கங்களைப் படமாக வெளியிடட்டும். அதற்குப் பிந்தையவற்றுக்குப் பெயர், தந்தை பெயர், ஆண்டு, பதிவான இடம் மட்டும் காட்டினால் போதும். போர்ட் பிளேர் கோப்புகளில் புதைந்து கிடக்கும் கைதிகளின் பெயர்களைப் பிரித்தெடுக்கும் பணியைத் தேசிய ஆவணக் காப்பகமும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு வரலாற்றுத் துறைகள் சென்னை மாகாணக் கைதிகளிடமிருந்து தொடங்கட்டும்.

தீவில் யாரையேனும் இழந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் பெயரை நீங்கள் எழுதும் விதத்தோடு இந்தி, ஆங்கிலக் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். தகப்பனார் பெயர், சொந்த ஊர், இறந்த ஆண்டு, கடைசியாக இருந்த தீவு ஆகியவையும் வேண்டும். 17-ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டி எழுத்து மூலம் தேடக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். பதிவு இல்லையென்றால் ‘இல்லை’ என்பதையே படிவம் 10-இல் எழுதி வாங்குங்கள். இறந்து ஓராண்டு கடந்தும் பதிவாகாத சாவுக்கு மாவட்ட ஆட்சியரிடமோ உட்கோட்ட நடுவரிடமோ ஆணை கேட்டுப் போகும்போது அந்தத் தாள்தான் உங்கள் கையில் இருக்கும் முதல் சான்று.

நிர்வாகத்துக்கு எங்கிருந்து தொடங்குவது என்ற குழப்பம் இருந்தால், 1858 முதல் இறந்த கைதிகளின் பெயர்களிலும் 2004 சுனாமிப் பட்டியலிலும் தொடங்கட்டும். இந்த இரண்டையும் இனியும் பூட்டி வைப்பதற்குச் சட்டத்தில் எந்தக் காரணமும் இல்லை.